அவன் பேரில் ஒரு வீடு

புதுப் பெயின்ட் வாசனை வந்தாலே எனக்கு அந்த மைசூர் வீடுதான். தாலி இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த நானும் முரளியும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது.

பத்திரம் எழுதுகிறவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இவரு உங்களுக்கு என்ன ஆகணும் மேடம்?"

கூசிப்போய், "அவர் பேர்லயே எழுதிடுங்க" என்றேன்.

முரளி முறைத்தான். "லூசு! சரி விடு, அப்புறம் சேர்த்துக்கலாம்."

சேர்ப்பதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டான். நகை விற்று நான் கொடுத்த பாதிக்கு அவன் ஒருவனே சாட்சி. வாரிசான அவன் தங்கை கொள்ளேகாலிலிருந்து வந்தாள். கெட்டவள் இல்லை. ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டு வீட்டை விட்டவள் நான்தான்.

வாசலில் என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபடி சொன்னாள்: "பேஜார் பண்ணிக்காதீங்க அக்கா, மனசு வருத்தப்படாதீங்க. அந்த மல்லிகைத் தொட்டிய எடுத்துக்கோங்க, அது உங்களுதுதானே."