முகம் இருந்த இடம்

ரோமில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. அதன் சுவரோவியத்தில் ஒரு புனிதருக்குப் பாதி முகம் இல்லை. உதிர்ந்த இடத்தில் சாம்பல் நிறச் சாந்தை மட்டமாகப் பூசி, அப்படியே விட்டிருக்கிறார்கள். வந்த புதிதில், வேலை பாதியில் நின்றுவிட்டதாக நினைத்தேன். முடிந்த வேலையே அதுதான் என்று புரியச் சில மாதங்கள் ஆயின. போனதைப் போனதாகவே காட்டுவதும் இங்கே பாதுகாப்புதான். அந்த வெற்றிடத்துக்கு 'லக்கூனா' என்று பெயர்.

சுவரோவியப் பாதுகாப்புக்குப் பல மொழிகளில் பொதுக் கலைச்சொற்களைத் தொகுத்த குழுவில், எண்பதுகளின் நடுவில், தமிழ்ப் பகுதி என்னிடம் வந்தது. நாளிதழில் துணையாசிரியராக இருந்ததுதான் என் தகுதி. காரை, உப்புப் பூத்தல், பொருக்கு விடுதல் எல்லாம் தமிழில் எளிதாகக் கிடைத்தன. லக்கூனாவில் நின்றுவிட்டேன். குழுவை நடத்திய பாவ்லா, "உங்கள் ஊரில் ஓவியங்கள் உதிர்வதில்லையா?" என்று கேட்டார். "உதிரும். யாரும் அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள்" என்றேன். எங்கள் பராமரிப்பைச் சொல்கிறேன் என்று எண்ணிப் பாராட்டாகத் தலையசைத்தார்.

அந்த ஆண்டு விடுமுறையில், கலைச்சொல் நூலுக்கு எடுத்துக்காட்டுப் படங்கள் எடுக்கும் பொறுப்போடு மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போனேன். எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பின்சுவரில், அந்தோணியார் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் ஓவியம் உண்டு. மழைநீர் இறங்கி, குழந்தையின் முகம் காரையோடு விழுந்திருந்தது. லக்கூனாவுக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் திருவிழாவன்று, அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளைத் தாய்மாமன் அந்த முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது எங்கள் வழக்கம். குழந்தை இயேசு பார்த்த பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் தங்கை லூர்து இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது அப்போது கைக்குழந்தை.

பாலக்கோட்டிலிருந்து பெயிண்டர் எனாமல் டப்பாவோடு வந்தார். நான் ஏணியை மறித்து நின்றேன்.

"இத அடிச்சா ஈரம் உள்ளயே நின்னுடும். அடுத்த மழைக்குச் சுத்தியிருக்கற காரையும் சேந்து வந்துடும்."

"லாரிக்கு அடிக்கற பெயிண்டுங்க சார். எத்தன மழைக்கும் தாங்கும்."

"செவுரு லாரி இல்லீங்க."

லூர்து பிள்ளையோடு முன்னால் வந்தாள். "அடுத்த மழைய அப்புறம் பாத்துக்கலாம்ணா. ஞாயித்துக்கெழம திருவிழா. மூஞ்சியில்லாத சாமி எம்புள்ளய எதால பாக்கும்?"

"நல்லா செய்யறதுக்கு ஆள் கேட்டு எழுதறேன். கொஞ்ச நாள் பொறு."

"எழுதுங்க. இந்த ஓட்டைக்கு நீங்க பேரு கண்டுபுடிச்சு, ஆள் கூட்டியாறதுக்குள்ள இவன் ஸ்கூலுக்கே போயிருவான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"போவானான்னுதான் எனக்குத் தெரியணும்" என்றாள்.

நான் ஏணியை விட்டு நகர்ந்தேன்.

மாலைக்குள் முகம் வந்துவிட்டது. கன்னங்கள் ரோஸ் நிறம், கண்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. ஞாயிற்றுக்கிழமை, பெயிண்ட் வாசனை போகாத அந்த முகத்துக்கு நேரே மருமகனைத் தூக்கிப் பிடித்தேன். அவன் அழவில்லை. மச்சான் என் கேமராவில் பக்கவாட்டாக ஒரு படம் எடுத்தார்.

பிறகு, லக்கூனாவுக்குத் தமிழில் ஒரு சொல் உண்டாக்கிக் கொடுத்தேன். ஊரில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மூலத்தின் மேல் பிற்காலத்தில் அடித்த வண்ணத்துக்கும் ஒரு பதிவு இருந்தது, மேற்பூச்சு என்று. அதற்கு மச்சான் எடுத்த படத்தைப் பாவ்லா தேர்ந்தெடுத்தார். "சேதம் தெளிவாகத் தெரிகிறது. கீழே இருக்கும் கைகள் வேண்டாம்" என்றார். யாருடைய கைகள் என்று அவர் கேட்கவில்லை.

பையன் நடக்கிறான் என்று லூர்து அப்போது எழுதியிருந்தாள். சுவரைப் பற்றி எதுவும் இல்லை.

பத்திரிகையில் எத்தனையோ படங்களை வெட்டியவன் நான். பிள்ளையின் உச்சந்தலைக்கு மேலே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். மேல்பாதி நூலுக்குப் போயிற்று. கீழ்ப்பாதி என் மேசையில் இருக்கிறது. என் இரண்டு கைகள், அவற்றில் ஒரு பிள்ளை. தலையை நிமிர்த்தி, வெட்டிய விளிம்புக்கு அப்பால் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான்.