புயல் மேகத்துக்குக் கீழே புல் என்ன நிறம்?

என் தம்பி கனடாவின் சமவெளியில் பன்னிரண்டு வருடம் லொறி ஓட்டியவன். சலரோகம், அதுதான் சீனி வியாதி, கண்ணைப் பிடித்ததால் லைசென்ஸ் போய்விட்டது. கண் ஒப்பரேஷனுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது, டொக்டரும் உறுதி சொல்லவில்லை. அதற்குமுன் தன் பாதையின் புயல் வானத்தை ஒரு ஓவியமாகப் பார்க்க வேண்டும் என்றான். அவன் கைபேசியில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் நான் ஜேர்மனியின் எசன் நகரில் இருந்தபடி வரைவது வழக்கம். இரண்டு முறை வரைந்து காட்டினேன், இரண்டும் சரியில்லையாம்.

"அக்கா, புல்லு இப்பிடிக் கறுப்பா இருக்கிறேல்லை."

"நீ அனுப்பின படத்திலை கறுப்பாத்தானே கிடக்கு?"

"படத்தை விடுங்கோ. நான் கண்ணாலை பார்த்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஆறியதும் பயம் வந்தது. அவன் சொல்வது சரியென்றால் நான் இத்தனை வருடம் வரைந்ததெல்லாம் பிழை. கனடாவுக்குப் போக லீவும் இல்லை, காசும் இல்லை. ஜேர்மனியில் தட்டையான நிலம் வடகடல் பக்கம் இருக்கிறது. இடிமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்ன ஜூன் சனிக்கிழமையில் கிளம்பினேன்.

எசனில் காலை 7.10க்கு ரயில், மூன்ஸ்டரில் மாறி, கரையோர ஊரான எம்டனுக்கு 11.20. மாதச் சீட்டு இருந்ததால் தனிச் செலவில்லை. வாடகைச் சைக்கிள் நாளுக்கு 14 யூரோ. கடல்நீரைத் தடுக்கும் மண் அணை வரை 13 கிலோமீட்டர், முழுவதும் எதிர்க்காற்று. ஒன்றரை மணித்தியாலம் மிதித்தேன், வைதபடியே மிதித்தேன்.

அணைக்கு அருகில் மின்னல் தொடங்கியது. செம்மறி வளர்க்கும் ஒருவர் தன் கொட்டகையிலிருந்து, "அங்கே நிற்காதீங்கோ, உள்ளே வாங்கோ" என்று ஜேர்மனில் கூப்பிட்டார். புல்லின் நிறம் பார்க்க வந்தேன் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. கொட்டகைக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்.

மேகம் கருநீலம், விளிம்பு கண் கூசும் வெள்ளை. கீழே புல் மஞ்சள் கலந்த பச்சை, காற்று புரட்டிய இடமெல்லாம் வெளிர் சாம்பல். கைபேசியில் எடுத்துப் பார்த்தேன். வானம் அருமை, புல் கறுப்பு. வானத்தின் வெளிச்சத்துக்கே கைபேசி கணக்குப் பார்க்கிறது, அதனால் நிலம் இருண்டுபோகிறது. கண் அப்படியில்லை, கீழே இறங்கும்போது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நான் கைபேசியின் பிழையைத்தான் இவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

படம் பார்த்து வரைகிறவர்களுக்கு: வானத்துக்கு ஒரு படம், நிலத்துக்கு ஒரு படம் எடுங்கள். நிறங்களை அங்கேயே தாளில் தீட்டிவிடுங்கள். மின்னலில் அணைமேல் ஏறாதீர்கள். எம்டன் திரும்பும் பாதையில் ஒதுங்க இடமில்லை, மழைக்கோட்டு கட்டாயம்.

புது ஓவியம் ஒப்பரேஷனுக்கு முதல்நாள் அவனிடம் போய்ச் சேர்ந்தது. வீடியோவில் அழைத்தான். மூக்கு முட்டுமளவு அதை முகத்தருகே பிடித்து, புல்லிலிருந்து மேகம் வரை பார்த்தான்.

"மழை வர இன்னும் பத்து நிமிசம் கிடக்கு, அக்கா. அதுக்குள்ளை அடுத்த ஊருக்குப் போயிடுவன்."