ஹெல்மெட் போட்ட விமர்சகர்

சிதம்பரத்தில் தியேட்டர் பக்கத்தில் நான் பைக் ஸ்டாண்டு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் கல்யாணப் பந்தியில், அந்தத் தியேட்டரில் ஓடிய குடிகாரக் கவிஞன் படம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னேன். உடனே அக்கா வீட்டுக்காரர், "மூணாங்கிளாஸ் படிச்சவனுக்குக் கவிதை எங்க புரியும்? தாசி வீட்டு சீனுக்குத்தான் போயிருப்பான்" என்றார்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இன்று கடலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அக்காவும் அவரும் எனக்கு முன் சீட்டு. அவர்களுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் அதே படத்தைப் பற்றிப் பேசினார்.

"கடசியில அவன் சாவறப்ப அழுதுட்டேங்க."

"கண்றாவிப் படம். நான் பாதியிலயே எழுந்து வந்துட்டேன்" என்றார் மாமா.

நான் தலையை நீட்டினேன். "அப்புறம் ஏன் மாமா மறுநாளும் என் ஸ்டாண்டுல வண்டிய வுட்டீங்க? ஹெல்மெட்ட கழட்டாமலே தியேட்டருக்குள்ள போனா எனக்குத் தெரியாதா? நம்மூர்ல வேற யாரு ஹெல்மெட் போடுறா?"

அக்கா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாளும் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லுக்குப் போறேன்னு தானே சொன்னீங்க?"

பஸ் சிதம்பரம் வரும்வரை மாமா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

படம் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை பார்த்தவனுக்கு என்ன புரியும்? மாமாவை டேக் செய்திருக்கிறேன், அவரையே கேளுங்கள்.