காத்துதான் முக்கியம்

குன்னூரில் எங்கள் வெல்டிங் பட்டறையில் கேஸ் எடுக்கக் கார்பைடு கல்லைத் தண்ணீரில் போடுவோம். கேஸ் தீர்ந்ததும் சுண்ணாம்புச் சேறு மிஞ்சும். பட்டால் தோல் உரியும். அதை வருஷக்கணக்காகப் பின்சரிவில் கொட்டிவந்தோம். கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அவர்கள் குடிக்கும் ஊற்றில் போன கோடையில் வெள்ளை படிந்தது. எங்கள் வெல்டரும் அந்த லைனில்தான் குடியிருந்தார். அவர் மனைவி காலிக் குடத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, இதக் குடிச்சா எங்க புள்ளைக என்னாவுமுங்க?"

ஆடி முடிவதற்குள் சரிசெய்கிறேன், முடியாவிட்டால் பட்டறையை மூடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

தேடிப் படித்ததில் வழி கிடைத்தது. ஈரமும் காற்றும் பட்டால் இந்தச் சேறு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தனக்குள்ளேயே கட்டிவைத்துக்கொள்ளும். காரம் போய் வெறும் சாக்கட்டித் தூளாகிவிடும். சரிவில் கிடந்ததையும் வாரி, சுவரில்லாத ஷெட்டில் மெல்லிசாகப் பரப்பித் தினமும் கிளறினோம்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதம் கோயமுத்தூரில் இருக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து வெல்டருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, காத்துதான் முக்கியம். பாத்துக்குங்க."

"நீங்க கவலையே படாதீங்க."

ஆடிக் கடைசியில் திரும்பி வந்தால், மொத்தத்தையும் தார்ப்பாயால் மூடிச் சுற்றிலும் கல் வைத்திருந்தார். ஒரு பொட்டுக் காற்று நுழைய வழியில்லை.

"என்னண்ணா இது?"

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமுங்க. இந்தப் பொடி நிக்குமா? காத்துதான் முக்கியம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் மேலும் தப்பில்லை. இந்த மலையில் ஆடி மாதம் அப்படிச் சொன்னால் யாருக்கும் அதுதான் அர்த்தம். பாயை விலக்கிச் சேற்றின் மேல் சோதனை மருந்தைச் சொட்டினேன். காரம் போயிருந்தால் நிறம் மாறாது. பளிச்சென்று ரோஸ் நிறம் வந்தது. அவர் மனைவி குடத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கக்கா."

"ஊத்து பொறுக்குமுங்களா?"

நான் சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஷட்டரை இழுத்தேன். பூட்டை எடுத்துக் கொடுத்தது வெல்டர்தான். நான் பூட்டி முடிக்கும்வரை அவர் மனைவி குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நாளைக்கு இவரு எங்கீங்க வேலைக்குப் போவாரு?" என்று கேட்டார்.