முப்பத்தெட்டுக்குப் பிறகு

பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் பாடத்தையெல்லாம் போனுக்குள் அனுப்பிய வருஷம் எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. அப்பா ஒரு பெரிய அபார்ட்மெண்டில் எலக்ட்ரீஷியன். அங்கே ஃபேன் மாட்டவும் பிளக் பாயிண்ட் வைக்கவும் வீடு வீடாகப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கென்று ஒரு மேஜை, சக்கரம் வைத்த நாற்காலி, கழுத்து வளையும் விளக்கு, பின்னால் உலக வரைபடம். அதையெல்லாம் பார்த்துவிட்டு பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். இங்கே ஒரு அறை, ஒரு சமையலறை. அவருடைய ஒரே பெண் அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி டின் மேல் உட்கார்ந்து ஆன்லைன் கிளாஸ் கேட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் முப்பத்தெட்டு வீடுகளில் கேட்கும். "யாரோட குக்கர் அது? மியூட் பண்ணுங்க" என்று மிஸ் சொல்லும்போதெல்லாம் நானும் மற்றவர்களைப் போல யாரையோ தேடுவதாகப் பாவனை செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சுத்தியலை எடுத்துவிட்டார். எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

எங்கள் வீடு ஒரு காலத்தில் பின் சந்து வரைக்கும் நீண்ட பெரிய வீடாம். ஓனர் நடுச்சுவரில் இருந்த வழியை அடைத்து இரண்டாக்கிவிட்டார். அந்தச் சுவரில் முன்பு ஜன்னல் இருந்த இடத்தை ஒற்றைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததால், எங்கள் பக்கத்தில் அது ஒரு மாடமாக நின்றது. அதில் எண்ணெய் பாட்டிலும் பழைய பில்லுகளும் கிடந்தன. அப்பா அவற்றைக் காலி செய்து, உடைந்த கட்டிலிலிருந்து எடுத்த பலகையை மாடத்துக்கு முன்னால் மேஜையாகப் பொருத்தினார். மேலே ஒரு எல்.இ.டி. பல்பு. சமையலறை கேமராவில் தெரியாமலிருக்க எனக்குப் பின்னால் ஒரு நீலப் போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டார். போனின் ஸ்பீக்கர் நோஞ்சான் என்பதால் அதைப் பெரிய எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்கவைத்து மாடத்தில் வைத்தார். மிஸ்ஸின் குரல் டம்ளரிலிருந்து கிளம்பி மாடம் முழுக்க அதிர்ந்தது.

"இப்ப எப்டி இருக்குது? அந்த வீட்டுப் பசங்களுக்குக்கூட இப்டி இல்ல" என்றார் அப்பா. அது பச்சைப் பொய். ஆனால் போர்வைக்கும் சுவருக்கும் நடுவே நான் உட்கார்ந்தபோது, உலகத்தில் எனக்கே எனக்கென்று இருந்த முதல் இடம் அதுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மிஸ் எண்ணையும் பெயரையும் சேர்த்துச் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுப்பார். நாங்கள் ஒவ்வொருவராக "பிரசண்ட் மிஸ்" என்போம். மறுநாள் திங்கட்கிழமை, கடைசி எண்ணான முப்பத்தெட்டைக் கூப்பிட்டு முடித்ததும், மாடத்துச் சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொக்.

ஒரே ஒரு தட்டல். தண்ணீர் பைப் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையும் முப்பத்தெட்டுக்குப் பிறகு டொக். புதன்கிழமையும் அப்படியே. பைப்புக்கு அவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் கிடையாது. அது பின் சந்துக் கதவு கொண்ட, சிமெண்ட் மூட்டை அடுக்கி வைக்கும் அறை. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பின் சந்துக்கு மெயின் ரோடு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். கொரோனா கேஸ் என்று அந்தச் சந்தின் எங்கள் பக்க முனையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

அம்மாவிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வியாழக்கிழமை வந்தது. மிஸ் கன்னடமும் இங்கிலீஷுமாகக் கலந்து கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பெயரைச் சொல்லி, முப்பத்தாறுக்கும் அறுபதுக்கும் எச்.சி.எஃப். என்ன என்று கேட்டார். எனக்கு எச்.சி.எஃப். என்றாலே என்னவென்று பிடிபடவில்லை. சுவர் தட்ட ஆரம்பித்தது. நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று. பயத்திலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டில் நின்றது.

"ட்வெல்வ், மிஸ்."

"வெரி குட்!"

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பேய் என்றால் பேய்தான். ஆனால் கணக்குத் தெரிந்த பேய். பதில் பெரிய எண்ணாக இருந்தால் "நெட்வொர்க் இல்ல மிஸ், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தட்டலை எண்ணுவேன். மூன்றே வாரத்தில் நான் கணக்கில் வகுப்பின் ஸ்டார் ஆகிவிட்டேன். ஆனாலும் போன் அணைந்த பிறகு ஒரு கணம்கூட அந்தப் பலகையில் உட்கார மாட்டேன். போர்வையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன். சில நாள் கிளாஸ் முடிந்த பிறகும் சுவர் மெதுவாக ஒரு முறை தட்டும். ஏதோ கேட்பதைப் போல இருக்கும். அதற்கு நான் பதில் சொன்னதே இல்லை.

அபார்ட்மெண்டில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் டூட்டி என்று ஆனபோது அப்பா காலையில் வீட்டில் இருக்க நேர்ந்தது. ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தார். மிஸ் முப்பத்தெட்டை முடித்தார். டொக். பிறகு யாரையோ ஒரு கணக்குக் கேட்டார். டொக் டொக் என்று ஐந்து முறை. நான் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றிருந்தார்.

"எத்தினி நாளா இது?" என்றார்.

"மொத நாள்லருந்தே. கேக்குற கணக்குக்கெல்லாம் கரெக்டா சொல்லும்ப்பா" என்றேன் பெருமையாக.

அவர் இறங்கி வந்து மாடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு விரலை மடக்கித் தட்டப்போனார். சுவர் வரைக்கும் போன கை அங்கேயே நின்றது. பின் அதை இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சமையலறையில் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் போர்வைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அப்பாவுக்குப் பத்து வயதாகும்போது பூமிக்கடியில் பாறை வெடித்து, தாத்தா இருந்த பக்கம் மூடிக்கொண்டது. சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டவன் பாறையைத் தட்டுவான். அதைக் கேட்டவன், அவன் யாராக இருந்தாலும், உடனே மூன்று முறை திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறோம் என்று அர்த்தம். தட்டிவிட்டால் போயே ஆக வேண்டும். தாத்தாவின் தட்டல் இரண்டு நாள் கேட்டதாம். வெளியே இருந்தவர்கள் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே தோண்டினார்களாம். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

"அது எங்கப்பாதான்டி. நான் திருப்பித் தட்டினா வரேன்னு சொன்ன மாதிரி. எங்கன்னு போவேன் நான்?"

"நீங்க ஒண்ணும் தட்ட வேணாம். மொதல்ல கொழந்தைய அங்கிருந்து எடுங்க" என்றார் அம்மா.

அன்று மத்தியானமே பலகை கழன்றது. நான் அழுது பார்த்தேன், தரையில் உருண்டும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்ப்பக்கம், வாசல் கதவையொட்டி எனக்குப் புது இடம் அமைந்தது. அதே பலகை, அதே பல்பு, அதே நீலப் போர்வை. காலி மாடத்தில் அம்மா கற்பூரம் ஏற்றினார். தாத்தாவுக்குப் பிடிக்குமென்று அப்பா ஒரு டீயும் பன்னும் ஒரு பீடியும் வைத்தார். சுவருக்குள் இருப்பவர் டீயை எப்படிக் குடிப்பார் என்று கேட்டதற்கு எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

மறுநாள் மிஸ் முப்பத்தெட்டைக் கூப்பிட்டு முடித்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சுவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு நேரத்தில், டொக். பிறகு மாடத்துக்கு இடப்பக்கம் ஒரு தட்டல். அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சத்தம் சுவரோடு நகர்ந்து நகர்ந்து சமையலறை வரைக்கும் போனது. பிறகு அதே வழியாகத் திரும்பி மாடத்துக்கு வந்தது. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். நான்கு நாள் அப்படித்தான். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலச் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போகும், வரும். இதற்கிடையில் நான் கணக்கில் மொத்தமாகக் கவிழ்ந்தேன். "என்னாச்சு நம்ம ஸ்டாருக்கு?" என்று மிஸ் கேட்டார்.

ஐந்தாம் நாள் அப்பாவும் வீட்டில் இருந்தார். கிளாஸ் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக மாடத்திலிருந்து தட்டல் ஆரம்பித்தது. இந்த முறை நகரவில்லை. ஒன்று, சிறு இடைவெளி, இன்னொன்று, சிறு இடைவெளி. நான் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தெட்டு. கொஞ்சம் நின்று, ஒன்று. முப்பத்தொன்பது.

அப்பா மாடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சுவர் தட்டவே இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "அடங்கிட்டாரு" என்றார் அப்பா. அம்மா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். அந்தத் தேங்காய்ச் சட்னியை நான் மூன்று இட்லியோடு சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயத்தில் ஓனர் அப்பாவைக் கூப்பிட்டார். பின் சந்து அறையை வாடகைக்கு விடப்போகிறாராம், ஒரு லைட் பாயிண்ட் போட வேண்டுமாம். நானும் டூல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். தகரத்தை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். ஓனர் பூட்டைத் திறந்தார். சிமெண்ட் வாசனை. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் கரி, ஒரு சின்ன ரப்பர் செருப்பு.

"இங்க சிமெண்ட் மூட்டை வெச்சிருந்த மேஸ்திரி பண்ண வேல சார்" என்றார் ஓனர். "எனக்குத் தெரியாம ஒரு ஃபேமிலிய இங்க வெச்சிருக்கான். வட கர்நாடகா, ராய்ச்சூர் பக்கம். புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் பில்டிங் வேலைக்குப் போயிடுவாங்க. அவங்க சின்னப் பொண்ண உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போவாங்களாம். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. அதுவும் பாவம் வாயே தொறக்கல, எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சது. ஊருக்குப் போயிட்டாங்க."

அப்பா டார்ச்சை அடித்தார். ஜன்னலை அடைத்த செங்கல் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், சுவர் முழுக்கக் கரியால் எழுதியிருந்தது. கன்னட எழுத்து. எனக்குப் படிக்க வரும். ஒன்றிலிருந்து வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். காதில் விழுந்தபடி எழுதியதால் சிலது தப்பாக இருந்தது. இருபத்திரண்டாவது என் பெயர். அதில் தப்பில்லை. முப்பத்தெட்டுக்குக் கீழே முப்பத்தொன்பது, ரேணுகா. பெயர்களுக்கு நேராக நாள்வாரியாகக் கோடு கிழித்து எல்லோருக்கும் டிக் போட்டிருந்தாள். கடைசி நாளுக்கு முந்தின நான்கு நாள்களில் ரேணுகாவுக்கு மட்டும்தான் டிக். ஆகக் கடைசி நாளில் மறுபடியும் முப்பத்தொன்பது பேருக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் சுவர்.

நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல்ல, அப்பா டார்ச்சை வரி வரியாக நகர்த்திக்கொண்டு வந்தார். படித்து முடித்ததும் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். விரலை மடக்கி அந்தச் செங்கல்லில் தட்டினார். டொக். டொக். டொக். தட்டிவிட்டுக் காதைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் இருப்பது எங்கள் வீடு. அம்மா கடைக்குப் போயிருந்தார், வீட்டில் யாரும் இல்லை. அதைவிட, இத்தனை நாள் நான் பயந்தது வெறும் ஒரு பெண்ணுக்குத்தானா என்று மனசு அப்படியே லேசாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வருஷம் முழுக்க வந்ததில்லை.

"அப்பா, பேய் இல்லதானே?" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பன்னா என் பலகைய பழைய எடத்துலயே மாட்டிடறியா?"

அவர் சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, மறுபடியும் கேட்டேன்.