சின்னக் கல் குவியலில் ஆட்காட்டி

கல், மண், மரப்பட்டை விற்கிற யாட்டில் எனக்கு வேலை. சனம் ட்ரெய்லரோடு வந்து வாங்கும். நான் லோடர் ஓட்டுகிறேன். அள்ளுவேன், கொட்டுவேன். அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை. அதனால்தான் நிலைத்தேன்.

குளிர் முடிகிற நேரம் சின்னக் கல் குவியலில் ஒரு சோடிப் பறவை வந்து நின்றது. மஞ்சள் மூஞ்சி, நீட்டுக் கால். முதல் நாள் அது கத்தினபோது என் கை தன்பாட்டில் திறப்பைத் திருகி லோடரை நிற்பாட்டிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வன்னியில் ஆட்காட்டி என்போம். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும். சண்டைக் காலத்தில் வயல் பக்கம் அது கத்தினால் விளக்கை நூர்த்துவிட்டு பங்கருக்குள் இறங்குவோம். அங்கே அதுக்கு மூஞ்சி சிவப்பு. இங்கே மஞ்சள். கத்துகிற விதம் ஒன்றுதான்.

கவுண்டரில் இருக்கிற பிள்ளை மலேசியாக்காரி. சான்ட்ரிங்ஹாமில் இருந்து பஸ்ஸில் வருவாள். யாட்டில் தமிழ் தெரிந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

“அண்ணே, அது உங்களப் பாத்தாத்தான் கத்துது. பாஸ் போனா சும்மா இருக்கு.”

“பொஸ் கிட்டப் போறேல்லை, பிள்ளை. நான்தான் மெஷினோட போறன்.”

“என்னமோ பேரு சொன்னீங்களே?”

“ஆட்காட்டி.”

“ஓ, போலீசுக்குப் போட்டுக் குடுக்கிற ஆளா?” சிரித்தாள்.

“எங்கட பக்கம் அந்தச் சொல்லை வைச்சுப் பகிடி விடமாட்டம். சண்டை நேரம் அந்தப் பேர் விழுந்தாலே ஆளைச் சுட்டுப்போடுவாங்கள்.”

சிரிப்பை நிறுத்தினாள். பிறகு, “சரி, நான் மஞ்ச மூஞ்சின்னே கூப்பிடுறேன்,” என்றாள்.

முட்டை நாலு. கூடு என்று ஒன்றும் இல்லை. குவியலின் உச்சியில் சின்னப் பள்ளம், அவ்வளவுதான். முட்டையும் கல் நிறம். ஒரு பறவை எழும்ப மற்றப் பறவை வந்து குந்தும்.

அது விற்கிற கல். வெயில் வரத் தொடங்கினால் எல்லாருக்கும் அந்தக் கல்தான் வேண்டும். கீழே அள்ள அள்ள மேலே சரியும். குஞ்சு பொரிக்க முதல் கல் முடிந்துவிடும்.

பிள்ளை போனில் தேடிப் பார்த்தாள். “இந்தப் பறவைக்குச் சட்டம் ஒண்ணும் இல்ல அண்ணே. எடுத்து வீசினாலும் யாரும் கேக்க மாட்டாங்க.”

நான் அதுவரை பொஸ்ஸிடம் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்குப் போனேன். குவியலைக் காட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பறவை என்றேன், முட்டை என்றேன், பிளீஸ் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பொரிக்கும் வரைக்கும் இருக்கட்டும், பிறகு அந்தக் கல் போகவேண்டும் என்றார்.

பின்பக்கமாக அள்ளினேன். சரியாமல் இருக்க, விற்கிறதுக்கு வைத்திருந்த ஸ்லீப்பர் கட்டைகளை, ரெயில் பாதைக்குப் போடுகிற மாதிரிப் பாரக் கட்டைகளை, அண்டை கொடுத்தேன். அந்தக் கிழமை மழை விடவில்லை. ஹில்ஸ்பரோவில் எங்கட வீட்டில், காலமை தேத்தண்ணியோடு யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எங்கட பிள்ளையளுக்குக்கூட நீங்கள் இப்பிடி நிக்கேல்லை,” என்றா மனிசி.

“அதுகளுக்குக் கூரை இருந்தது.”

வேலைக்குப் போனபோது குவியலின் ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. கட்டை தாங்கியிருந்தது. பறவை நனைந்தபடி குந்தியிருந்தது. என்னைக் கண்டதும் கத்தியது. கத்தட்டும் என்று இருந்தது.

பொரித்தது ஒரு சனிக்கிழமை. யாட்டில் ஆக ஆள் கூடுகிற நாள். மூன்று குஞ்சு. நாலாவது முட்டை அப்படியே கிடந்தது. இந்த இனம் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுக்காது. குஞ்சுதான் நடந்து போய்ப் பொறுக்கவேண்டும். புல் இருப்பது எதிர்ப்பக்கம், வேலியோரம். நடுவில் வாகனம் வருகிற பாதை.

தாய் முன்னே இறங்கியது. குஞ்சுகள் கட்டையில் உருண்டு கீழே வந்தன. கேற்றுக்குள் வாகனங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் லோடரைப் பாதைக்குக் குறுக்கே விட்டு நிற்பாட்டினேன். ஹோர்ன் அடித்தார்கள். பிள்ளை கவுண்டரை விட்டு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாகனங்களுக்கு முன்னால் நின்றாள்.

“அண்ணே, ரெண்டுதான் போகுது. மூணாவது எங்க?”

 இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன் சில்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. கல் மாதிரியே இருந்தது. லோடரை அசைக்க ஏலாது. தொட்டால் எந்தப் பக்கம் ஓடுமோ தெரியாது. நின்றேன்.

சத்தம் கேட்டு பொஸ் வெளியே வந்தார். நேரே என்னிடம் நடந்தார். தாய்ப்பறவை கத்திக்கொண்டு அவருடைய தொப்பிக்கு மேலால் பாய்ந்தது. அவர் குந்திவிட்டார்.

“இப்பப் பாஸப் பாத்தும் கத்துது,” என்றாள் பிள்ளை.

அந்த நேரம் பார்த்துக் குஞ்சு எழும்பி ஓடியது. பாதையைக் கடந்து, வேலிக்குக் கீழே, புல்லுக்குள்.  லோடர் படியில் இருந்துவிட்டேன்.

பொஸ் தொப்பியைத் தட்டிப் போட்டார். இனி இந்தக் கல்லை விற்கலாமோ என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

அன்றைக்கே குவியல் பாதி போனது.

பிறகு வேலியோரம் பார்ப்பேன். மூன்றும் வளர்ந்தன. பூனை வந்தால் கத்தல், பருந்து வந்தால் கத்தல். இங்கே நத்தார், கிறிஸ்மஸ், வெயில் காலத்தில்தான் வரும்; அதுக்குக் கிட்ட ஒரு நாள் மூன்றும் தாய் தகப்பனோடு எழும்பி, கூரைக்கு மேலால் கடல் பக்கம் போயின. பின்னேரம் திரும்பி வந்தன. பிள்ளைக்குச் சொன்னேன். “அப்பாடா,” என்றாள்.

அடுத்த நாள் இஞ்சினை நிற்பாட்டாமல் லோடரில் குந்தியிருந்து பட்டர் பூசின பாண் சாப்பிடுகிறேன். வேலிப் பக்கம் கத்தியது. யாரோ வருகிறார்கள். என் கை திறப்புப் பக்கம் போகவில்லை. பாணைக் கடித்தேன்.