வெங்காயக் கொட்டகையில் ஒரு படகு

ஏரியில் படகு விட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நீரின் ஆழத்தை அல்ல; கரையேறிய பிறகு அந்தப் படகு எங்கே நிற்கப்போகிறது, அந்த இடம் யாருடையது என்பதைத்தான். என் மாமா அதைப் பார்க்கவில்லை.

அம்மாவின் தம்பியான அவர் வளைகுடா நாட்டில் நெடுங்காலம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். விடுமுறை நாள்களில் அறையில் படுத்தபடி அவர் பார்த்ததெல்லாம், வெளிநாட்டவர்கள் படகில் நின்றுகொண்டு பாஸ் என்ற மீனைத் தூண்டிலில் பிடிக்கும் காணொளிகள். பாஸ் நம் ஏரிகளில் இல்லை. ஆனால் அதன் குணம் முழுவதும் விராலிடம் இருக்கிறது என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. இரண்டும் பாசிக்கடியில் பதுங்கியிருக்கும். தவளை தாவினால் பாயும். கொக்கி ஏறியதும் கொடிகளுக்குள் புகுந்துகொண்டு நம்மைக் கேலி செய்யும்.

லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த அவருடைய அறைத்தோழர் ஒருவரும் இதே காணொளிகளால் கெட்டவர். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் அழைப்போம். மாமாவுக்கு முன்பே ஊர் திரும்பிய பாய், சிறிய ஃபைபர் படகு ஒன்றையும் அதில் பொருத்தும் மின்மோட்டாரையும் வாங்கிவிட்டார். அந்தப் படகு அவர் வீட்டில் ஒரு பெருநாளைக்கூடப் பார்க்கவில்லை.

“மாப்ள, படகா நானான்னு வூட்ல கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னுட்டா. அவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ வந்து எடுத்துக்க,” என்றார் பாய்.

மாமா குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பூலாம்பாடிப் பக்கத்தில், ஏரியை ஒட்டியே வயலும் வயலை ஒட்டியே வீடுமாக மாமாவும் அத்தையும் இருக்கிறார்கள். வெயில் படாத இடம் வேண்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த நீளமான கொட்டகையில் படகை நிறுத்தினார். அது சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடும் கொட்டகை. பிடுங்கிய வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பரப்பி, விலை வரும்வரை காப்பாற்றிவைக்கும் இடம். மாமா வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்ட அத்தை, தன் யோசனையில் கட்டியது அது.

“ஏங்க, இது என்ன?” என்றார் அத்தை.

“படகு.”

“அது தெரியுது. என் கொட்டகையில என்ன பண்ணுதுன்னு கேட்டேன்.”

மாமா காணொளிகளைப் பற்றிச் சொன்னார். விராலின் குணத்தைப் பற்றிச் சொன்னார். அத்தை முழுவதையும் கேட்டார். அதுதான் அவரிடம் அச்சம் தரும் பழக்கம். இடையில் குறுக்கிடவே மாட்டார்.

“சரி. வெங்காயம் புடுங்குறதுக்குள்ள இந்தப் படகுல போயி ஒரே ஒரு விரால் புடிச்சுக் காட்டுங்க. இது இங்கயே இருக்கட்டும். இல்லன்னா பாய் வூட்டுக்கே திருப்பி அனுப்பிடுங்க.”

“அங்க சேக்க மாட்டாங்களே.”

“அப்ப நீங்களும் கூடவே போயி நின்னு கேட்டுப் பாருங்க.”

மாமா சிரித்தார். ஆனால் அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். அக்காமார்களின் திருமணம், வீடு, கிணற்று மோட்டார் என்று மற்றவர்களுக்காகவே சம்பாதித்தவர் அவர். தனக்கென்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்த ஒரே பொருள் அந்தப் படகு.

அரியலூரில் விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் படிக்கும் நான், விடுமுறைக்கு அங்கே சென்றிருந்தேன். மோட்டாருடன் வந்த ஆங்கிலக் கையேட்டை மாமா என் மடியில் வைத்தார்.

“பாப்பா, நீ இலக்கியம் படிக்கிறவ. இதப் படிச்சுச் சொல்லு.”

“நான் தமிழ் இலக்கியம், மாமா.”

“எல்லாம் எழுத்துதானே.”

இப்படித்தான் நான் படகுத் தொழில்நுட்பத்துக்குள் நுழைந்தேன். அதில் நான் கற்றவற்றை, ஏரிப் படகில் ஆர்வமுள்ளவர்களின் பொருட்டு இங்கே சொல்லிவிடுகிறேன்.

மின்மோட்டாருக்கு டிராக்டர் பேட்டரி உதவாது. வண்டியைக் கிளப்பும் பேட்டரி ஒரு கணம் கோபப்பட்டுப் பிறகு சோர்ந்துவிடும். நமக்குத் தேவை நெடுநேரம் நிதானமாக உழைப்பது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் மின்தடை நேரத்தில் அதை ஏரிக்கு எடுத்துச் செல்வது குடும்ப அமைதிக்கு உகந்ததல்ல என்று அனுபவத்தில் அறிந்தோம். பேட்டரியை மூடியுள்ள பெட்டியில் வைத்து, படகின் நடுவில், தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்ட வேண்டும். பின்பக்கம் மோட்டாரின் எடை இருப்பதால் பருமனானவர் முன்னால் அமர வேண்டும். யார் பருமன் என்ற விவாதத்தைக் கரையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அதைத் தலையணையாக்கக் கூடாது. மீன் பாய்ந்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கக் கூடாது. ஆகாயத் தாமரை தென்பட்டதும் மோட்டாரை மேலே தூக்கிவிட்டுத் துடுப்புக்கு மாற வேண்டும். இல்லையென்றால் விசிறியில் சுற்றிய வேரை அறுப்பதிலேயே பொழுது போய்விடும். நங்கூரத்துக்கு அம்மிக் குழவியைக் கேட்காமல் எடுத்துச் செல்லக் கூடாது. தூண்டிலில் இரையாகக் கட்டிய ரப்பர் தவளையை வீசும்போது பின்னால் இருப்பவரின் காதும் ஒரு பொருட்டு என்று எண்ண வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படகின் பின்பக்க அடியில் ஒரு சிறு துளை இருக்கும். கழுவிய நீர் வடிவதற்கான வழி அது. அதற்குப் பித்தளையில் மரை போட்ட தக்கை ஒன்று உண்டு. படகை நீரில் இறக்கும் முன் அதை முடுக்கியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் முறையாகச் செய்தோம். விரால்தான் வரவில்லை. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர், தன் வலையைத் தொடாமல் தூண்டில் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று தாராளமாக அனுமதித்திருந்தார். எங்களைப் பார்த்த பிறகு அந்தத் தாராளம் இன்னும் கூடியது. மாமாவின் ரப்பர் தவளை, ஏரியிலிருந்த உண்மையான தவளைகளோடு நட்பாகிவிட்டது என்று வயலில் வேலை செய்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வெங்காயத் தாள்கள் மடிந்து சாயத் தொடங்கின. பிடுங்குவதற்கு ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. அதற்கு முந்தைய நாள் காலைதான் கடைசி வாய்ப்பு.

அன்று அத்தையும் கரைக்கு வந்தார். கையில் பூசைத் தட்டு இருந்தது.

“புது வண்டிக்குப் பூசை போடாம ஓட்டுனா எங்கேருந்து மீன் வரும்? நாளைக்கு நான்தான் சாமிகிட்டச் சொல்லிக் கெடுத்துட்டேன்னு பேசக் கூடாது பாருங்க,” என்றார். பந்தயம் என்று வந்துவிட்டால் அவர் நியாயம் தவறாதவர்.

படகின் முன்பக்கம் நீரிலும் பின்பக்கம் கரையிலுமாக நின்றது. மாமா அதைக் கழுவி, நீரை வடித்து, தக்கையை முடுக்கினார். நானும் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. பிறகு நான் முழங்கால் நீரில் இறங்கி முன்பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மாமா தூண்டில்களை எடுக்கப் போனார். அத்தை பின்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பது எனக்குப் படகின் மேல்விளிம்பு வழியாகப் பாதிதான் தெரிந்தது.

“தட்டுல வச்ச வாழைப்பழம் எங்கங்க? ஊதுபத்தி எதுல குத்துறது?”

“பசிச்சுது, சாப்புட்டேன்,” என்றார் மாமா தூரத்திலிருந்து.

“சாமிக்கு வச்சதையா?”

“சாமி நேத்தே சாப்புட்டுருக்கும்.”

அத்தை ஏதோ முணுமுணுத்தார். சற்று நேரத்தில் படகின் பின்புறத்திலிருந்து ஊதுபத்திப் புகை எழுந்தது. கற்பூரம் சுற்றினார், எலுமிச்சம்பழத்தை நசுக்கினார், பூசணிக்காயை உடைத்தார். தட்டோடு வீட்டுக்குத் திரும்பினார். மாமா படகைத் தள்ளி ஏறினார். நாங்கள் முழு மங்கலத்தோடு புறப்பட்டோம்.

ஏரியின் நடுவைக் கடந்து, மறுகரையோரப் புல்திட்டை நெருங்கியபோது என் கால் நனைந்தது.

“மாமா, படகுல தண்ணி.”

“கழுவுன தண்ணி.”

“கழுவுன தண்ணி ஏறாது, மாமா.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை முழுவதும் புல்லோரத்தில் தத்திக்கொண்டிருந்த ரப்பர் தவளைமேல் இருந்தது. நான் கீழே பார்த்தேன். என் பாதத்தை உரசியபடி ஒரு ஊதுபத்திக் குச்சி மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. குனிந்து துளையைத் தடவினேன். அதில் தக்கை இல்லை, இன்னொரு குச்சி செருகியிருந்தது. வாழைப்பழம் இல்லாத நிலையில், அத்தையின் கண்ணுக்கு ஊதுபத்தி குத்துவதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு துளை தெரிந்திருக்கிறது. தக்கையைத் திருகி எடுத்திருக்கிறார். பித்தளையில் செய்த எதுவும் பூசைத் தட்டுக்கு உரியது என்பது அவர் வீட்டு வழக்கம்.

குதிகாலால் துளையை அடைத்துக்கொண்டு, கையில் அகப்பட்ட சொம்பால் நீரை இறைத்தேன். பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட்டேன். படகில் நீர் ஏறினால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

“மாமா, தக்கை இல்ல. கரைக்குப் போயிடலாம்.”

“ஐயய்யோ, நான்தான் சரியா முடுக்கல போல. போயிடலாம், பாப்பா.”

அப்போது தவளை மறைந்தது. புல்லோரத்து நீர் கொப்பளித்தது. தூண்டில் ராடு வில்லாக வளைந்தது.

“போகலாம். அவனும் வரட்டும்,” என்றார் மாமா.

அடுத்து நடந்ததை நான் நேர்மையாகவே சொல்கிறேன்; ஏனெனில் மாமா சொல்லும் வடிவம் வேறு. விரால் கொடிகளுக்குள் புகுந்தது. மாமா கெஞ்சினார். வெளியே வந்தது. மறுபடியும் புகுந்தது. மாமா அதன் முன்னோர்களைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். கடைசியில் ஒரு முழம் நீளமுள்ள, கரும்பச்சை நிறத்தில் பளபளக்கும் விரால் ஒன்று படகுக்குள் வந்து விழுந்தது. விழுந்ததும் துள்ளவில்லை, நீந்தியது. அந்த அளவுக்குப் படகில் நீர் நின்றது. மாமா கொக்கியைக் கழற்றிவிட்டு, தன் கணுக்காலைச் சுற்றிச்சுற்றி வரும் மீனைத் தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“துடுப்பு போடுங்க, மாமா.”

துடுப்புப் போட்டார். குதிகால் ஓரளவுக்குத்தான் தக்கையாகும். எங்கள் கரையை நெருங்கியபோது அத்தை வரப்பில் வேகமாக வந்துகொண்டிருந்தார். வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. வலது கை இறுக மூடியிருந்தது.

“இங்க பாரு, இங்க பாரு,” என்று மாமா எழுந்து நின்று மீனை இரு கைகளாலும் உயர்த்தினார். எழுந்து நின்றது பிழை. படகின் பின்பக்கம் ஒரு பெருமூச்சோடு அமிழ்ந்தது. ஏரியும் படகும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மாமாவின் கையிலிருந்து வழுக்கிய விரால், அவசரமே இல்லாமல், விளிம்பைக் கடந்து வெளியேறியது. இடுப்பளவு நீரில் நாங்கள் இருவரும் நின்றோம். மாமாவின் கைகள் மட்டும் இன்னும் மீனின் அளவில் விரிந்திருந்தன.

“பாத்தியா? பாத்தல்ல?” என்றார்.

அத்தை கரையில் நின்று மூச்சு வாங்கினார்.

“என்னத்த?”

“விரால. கையில வச்சிருந்தேனே.”

“வெயிலு கண்ணுல அடிச்சுது. எனக்கு ஒண்ணும் தெரியலங்க.”

“பாப்பா, நீ சொல்லு.”

“அவ உங்க அக்கா மவ. அவ சொல்றது செல்லாது.”

 மாமா மூழ்கிய படகைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் தக்கைய ஒழுங்கா முடுக்கல. எல்லாம் என் தப்பு,” என்று படகிடம் சொன்னார். அந்தக் குரலைக் கேட்கச் சிரமமாக இருந்தது.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்றும் பேசவில்லை. அத்தையின் மூடிய கையைப் பார்த்தேன். விரல்களின் இடுக்கில் பித்தளை லேசாக மின்னியது. பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தேன். பிறகு மீண்டும் கையைப் பார்த்தேன். என் உள்ளங்கையில், படகிலிருந்து எடுத்த ஊதுபத்திக் குச்சி ஒன்று இருந்தது. அதை விரலிடையில் மெதுவாக உருட்டினேன்.

அத்தை சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது கை விரிந்திருந்தது. இடுப்பில் ஏதோ செருகப்பட்டிருந்தது.

“இப்ப யோசிச்சுப் பாத்தா,” என்றார், “கருப்பா என்னமோ ஒண்ணு பாத்த மாதிரிதான் இருக்கு.”

மாமா நிமிர்ந்தார். “எவ்ளோ பெருசு?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் குச்சியை இன்னொரு முறை உருட்டினேன்.

“நல்ல பெருசுங்க. இந்த ஏரியில நான் அப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல.”

மறுநாள் வெங்காயம் பிடுங்கினார்கள். கொட்டகையின் உத்தரத்தில் கயிறு கட்டி, படகை மேலே தூக்கித் தொங்கவிட்டு, கீழே பட்டறை போட்டார்கள். யோசனை அத்தையுடையது, அவருக்கு ஒரு கூடை வெங்காயத்துக்கான இடம்கூடக் குறையவில்லை. மாமா இன்றும் யார் வந்தாலும் அந்த மீனைப் பற்றிச் சொல்கிறார். தக்கையைத் தானே மறந்ததாகவும் சொல்லித் தலையில் தட்டிக்கொள்கிறார். அப்போதெல்லாம் அத்தை வந்தவர்களுக்குக் காபி போட உள்ளே போய்விடுகிறார். எனக்கு மட்டும் டம்ளர் நிறைய வருகிறது.

மாமாவுக்கு இதுபோன்ற கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம் இல்லை. அத்தைக்கு உண்டு.